கடல் கொண்ட நிலமும் கலங்கிய நெஞ்சமும்



வங்கக் கடலில் புயல் மூண்டது என்று செய்தி வந்தால் நம் சங்கத்தில் என்ன நடக்கும் என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவீர்கள். அவசரக் கூட்டம் கூடும். உரிய அனுமதி பெற்றுப் பள்ளிவாசல் வாயிலில் உண்டியல் வைப்போம். அரிசி இத்தனை, போர்வை இத்தனை, கூரைக்குத் தகரம் இத்தனை என்று கணக்கிட்டுப் பணம் அனுப்புவோம். சில வாரங்களில் ரசீது வரும், நிழற்படங்களும் வரும். அத்துடன் காரியம் முடிந்ததென்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. பசித்தவனுக்கு முதலில் சோறுதான் வேண்டும். ஆனால் ரசீது வந்து சேர்ந்த பிறகு அந்த மக்களின் உள்ளத்தில் நடப்பது என்ன என்று நாம் விசாரித்ததில்லை. பூமியின் வெப்பம் ஏறுவதையும் கடல் மட்டம் உயர்வதையும் பத்திரிகைகளில் படிக்கிறோம். கரையோரத்தில் வாழும் மனிதனின் நெஞ்சுக்குள் அது எப்படிப் புகுகிறது என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

உலகமெங்கும் உள்ள கரையோரங்களையெல்லாம் பேசப் புகுந்தால் ஒன்றையும் உருப்படியாகப் பேச முடியாது. ஆகவே பங்களாதேஷின் தென்மேற்குக் கோடியில் உள்ள குல்னா, சாத்கீரா, பாகெர்ஹாட் என்னும் மூன்று ஜில்லாக்களை மட்டும் பார்ப்போம். சுந்தரவனக் காடுகளை ஒட்டிய பூமி அது. முஸ்லிம்களும் இந்துக்களும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்து வரும் ஊர்கள். அந்த நாட்டின் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் இன்று சிங்கப்பூரில் நம்மோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள் என்பதும் நாம் அதனைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம்.

முதலில் மரணக் கணக்கைப் பார்ப்போம். 1970 நவம்பர் 12-ந் தேதி இரவு, அந்நாடு இன்னும் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில், போலா தீவையும் அதன் சுற்றுப்புறங்களையும் கடல் புரட்டிப் போட்டது. மாண்டவர் குறைந்தது மூன்று லட்சம் பேர். 1991 ஏப்ரல் 29-ல் சிட்டகாங் கரையில் அடித்த புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர். 2007 நவம்பர் 15-ல் வந்த ஸித்ர் புயலில் மூவாயிரத்துக்குச் சற்று அதிகம். 2009 மே 25-ல் வந்த ஐலாவில், பங்களாதேஷ் எல்லைக்குள், சுமார் 190 பேர்.

இந்தக் கணக்கு இறங்கி வந்ததற்காக அந்நாட்டு மக்களை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். 1970 பேரழிவுக்குப் பின் அரசாங்கமும் செம்பிறைச் சங்கமும் கூடி ஏற்படுத்திய புயல் எச்சரிக்கைத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். கூலிக்கு அல்ல, சேவைக்கு. புயல் நெருங்க நெருங்க ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றி, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போய் ஜனங்களைப் புயற்காப்பு இல்லங்களில் கொண்டு சேர்க்கிறார்கள். ஏழை நாடு ஒன்று தன் சொந்த முயற்சியால் மரணத்தை இவ்வளவு தூரம் பின்வாங்கச் செய்திருப்பது உலகத்துக்கே பாடம்.

ஆனால் இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 190 பேர் என்றதும், ‘அல்ஹம்துலில்லாஹ், சிறிய புயல்’ என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். செத்தவர் தொகை குறைந்தால் பிழைத்தவர் தொகை கூடுகிறது என்பது எளிய கணக்கு. பிழைத்தவர் எப்படிப் பிழைத்திருக்கிறார் என்ற கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஐலாவையே பாருங்கள். அது வந்த சமயம் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. அந்த ஜில்லாக்களில் வயலும் வீடும் நதி மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. சுற்றிலும் எழுப்பிய மண்கரைதான் காவல். 1960-களில் தொடங்கிக் கட்டப்பட்ட இப்படிப்பட்ட கரை வளையங்கள் கடலோரம் நெடுக 139 உண்டு. ஐலாவில் அக்கரைகள் பல இடங்களில் உடைந்தன. உடைந்த வாய் வழியே உப்புநீர் உள்ளே வந்தது. வந்தது மட்டுமா? கடல் ஏறும்போது உள்ளே வருவதும் இறங்கும்போது வெளியே போவதுமாக, நாளுக்கு இரண்டு தடவை, மாதக்கணக்கில் போய் வந்துகொண்டே இருந்தது. கொய்ரா, தாகோப், ஷியாம்நகர் வட்டாரங்களில் சில ஊர்களுக்கு உடைப்பை அடைத்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் சென்றது.

அத்தனை காலமும் ஜனங்கள் எங்கே இருந்தார்கள்? உடையாமல் எஞ்சிய கரையின் முதுகின் மேல். ஓலையும் பிளாஸ்டிக் துணியும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு பக்கம் நதி. மறு பக்கம், நேற்று வரை தம் நெல்வயலாக இருந்த உப்பு ஏரி. தம் வீடு இருந்த இடம் கண்ணுக்கு எதிரே தெரியும். கால் வைக்க முடியாது. ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, காலையில் எழுந்து முகம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்தாக வேண்டும். புயல் அடித்தது சில மணி நேரம். அந்தப் பார்வை இரண்டு வருடம்.

கடல் கடந்து வந்து பிழைக்கும் நமக்கு ஊர் ஏக்கம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கப்பலேறிய நாள் முதல் அது நம் குடும்பச் சொத்து. ஆனால் நாம் ஊரை விட்டு வந்தோம். ஊர் அங்கேயே இருந்தது. கரை மேல் குடியிருந்தவனோ ஊரை விட்டு எங்கும் போகவில்லை; ஊர்தான் அவனை விட்டுப் போய்விட்டது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஊரை இழக்கும் இந்தத் துயரத்துக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று கருதி, கிளென் ஆல்பிரெக்ட் என்னும் ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் ‘ஸோலாஸ்டால்ஜியா’ என்று ஒரு சொல்லை ஆக்கினார். தம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்கள் விழுங்கிய பள்ளத்தாக்கு மக்களைப் பார்த்து அவர் செய்த சொல் அது. பெயர் வாயில் நுழைவதில்லை. பொருள் நெஞ்சில் நுழைகிறது.

நம்மவர்களிலும் இதை அறிந்தோர் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைச் சீமைகளில் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. இங்கிருக்கும் நம் சகோதரர் பலருக்கு அவை தகப்பனார் வைத்த தோப்புகள். நஷ்ட ஈடு என்று மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் தோப்பில் போய் நின்ற கிழவர் அழுதது தேங்காய் விலைக்காகவா? தாம் கண்ணை மூடுவதற்குள் புதுக்கன்று காய்க்காது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கிழவரை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சாத்கீராக்காரன் அந்நியனாகத் தோன்றமாட்டான்.

உப்பு செய்யும் வேலை புயலைவிட மெதுவானது, ஆகவே புயலைவிடக் கொடியது. உப்பேறிய வயலில் நெல் குன்றுகிறது. கறிகாய்த் தோட்டம் பட்டுப்போகிறது. மாட்டுக்குப் புல் இல்லை, மாட்டை விற்றுவிடுகிறார்கள். குடிநீர்க் குளத்தில் உப்பு. மழைநீரைப் பிடித்து வைத்த ஜாடி வற்றியதும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் நடப்பது பெண்களின் வேலையாகிறது. தாகோப் வட்டாரத்தில் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதை வைத்தியர்கள் ஆராய்ந்து, குடிநீரில் உள்ள உப்போடு அதற்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். குடிக்கும் தண்ணீரே தன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் வருத்துமோ என்று அஞ்சி அஞ்சிக் குடிக்கும் தாயின் மனநிலை என்னவாக இருக்கும்?

பாகெர்ஹாட்டுக்குப் போனவர்கள் அறுபது குவிமாடப் பள்ளிவாசல் என்று பெயர் பெற்ற பழைய பள்ளிவாசலைக் கண்டிருப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கான் ஜஹான் அலி என்பவர் எழுப்பியது. அவர் பள்ளிவாசல் கட்டியதோடு நிற்கவில்லை. அவ்வூரில் பெரிய பெரிய நன்னீர்க் குளங்களையும் வெட்டுவித்தார். அந்த மண்ணில் மனிதன் நிம்மதியாக வாழ்வதற்கு எது ஆதாரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று உப்பு அந்தப் பள்ளிவாசலின் செங்கல்லையும் அரிக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுவோம். இந்தக் கேடு அத்தனையும் பருவநிலை மாற்றத்தால் மட்டும் வந்ததன்று. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பது விஞ்ஞானிகள் அளந்து கண்ட உண்மை. அந்த வளைகுடாவில் தண்ணீர் சூடேறியிருப்பதும் உண்மை. ஆனால் மண்கரை கட்டியதால் நதியின் வண்டல் உள்ளே வராமல் நிலம் தாழ்ந்ததும் உண்மை. கங்கையின் கோடைக்கால நன்னீர், 1975-ல் இந்தியாவில் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கிய பின் குறைந்துபோனதும் உண்மை. 1980-களிலிருந்து இறால் பண்ணை முதலாளிகள் லாபத்துக்காக உப்புநீரை வயலுக்குள் வேண்டுமென்றே விட்டதும் உண்மை. அந்த இறால் போய்ச் சேர்ந்தது அந்நிய நாட்டுச் சாப்பாட்டு மேஜைகளுக்கு. முன்பே புண்ணான இடத்தில்தான் உயரும் கடல் வந்து அடிக்கிறது.

நிலம் பொய்த்தால் ஆண் ஊரை விட்டுப் புறப்படுகிறான். வருடத்தில் பாதி நாள் செங்கல் சூளைகளில் வேலை. முன்பணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு உழைத்துக் கழிக்கும் வேலை. சிலர் டாக்காவுக்குப் போய் ரிக்ஷா இழுக்கிறார்கள். போக முடியாதவர்கள் நண்டுக்கும் தேனுக்கும் சுந்தரவனக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அங்கே புலி இருக்கிறது. புலி அடித்துக் கணவனை இழந்த பெண்களை அவ்வூர்களில் ‘புலி விதவைகள்’ என்றே அழைக்கிறார்கள். இவள் ராசியால்தான் அவன் போனான் என்று மாமியார் வீட்டார் அவளை ஒதுக்கும் வழக்கமும் உண்டு. மூடநம்பிக்கை என்று நாம் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் உப்பு வயலையும் காட்டுக்குள் போன கணவனையும் இந்தப் பழிச்சொல்லையும் அடுத்தடுத்துத் தாங்கிய ஒரு பெண் இரவில் தூங்குகிறாளா என்று யார் கேட்டார்கள்?

இனி மனோவியாதி என்னும் விஷயத்துக்கு வருவோம். நம்மில் பலருக்கு அந்தச் சொல் வந்தாலே தெருவில் கூச்சலிட்டுத் திரிபவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். அது தவறு. புயலுக்குப் பின் முதல் சில வாரங்கள் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். கனவில் தண்ணீர் வரும். மேகம் கறுத்தால் கை நடுங்கும். இது வியாதி அன்று. பெரும்பாலோருக்கு அது தானே தணியும். தணியாமல் மாதக்கணக்கில் நின்று, தூக்கம் போய், பசி போய், பிள்ளை அழுதாலும் எடுக்கத் தோன்றாமல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு வந்துவிட்டால் அது வைத்தியம் தேவைப்படும் நோய். கிராமத்துப் பெண்கள் இதை மனத்துயர் என்று சொல்வதில்லை. தலைவலி என்பார்கள், உடம்பு எரிகிறது என்பார்கள், நெஞ்சில் பாரம் என்பார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

2019-ல் பங்களாதேஷில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18.7 பேருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி உண்டு. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எந்த வைத்தியமும் பெறவில்லை. பெறுவதெங்கே? பதினாறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு மனோவியாதி வைத்தியர்கள் மிகச் சிலரே. இருப்பவரும் பெரும்பாலும் நகரங்களில். பிரிட்டிஷார் 1912-ல் இயற்றிய பைத்தியக்காரர் சட்டமே 2018-ல்தான் மாற்றப்பட்டது.

பருவநிலைக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை சொல்கிறது. பங்களாதேஷ் முழுவதிலும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து விசாரித்து, வானிலை நிலையங்களின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். முந்திய இரண்டு மாதங்களின் வெப்பம் ஒரு டிகிரி கூடியிருந்தால் பதற்ற நோய் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடியிருந்தது. வெள்ளத்துக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டன. எண்களை நாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ‘இதெல்லாம் சும்மா மனப்பிரமை’ என்று சொல்லி விலகிப் போகும் உரிமையும் நமக்கு இல்லை.

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். துயரப்பட்டவனிடம் நம் சமூகம் முதலில் சொல்லும் சொல் ‘ஸபுர் செய்’ என்பது. ஸபுர் பெரிய சொல்தான். ஆனால் அதை நாம் பல சமயம் ஆறுதலாகச் சொல்வதில்லை. வாயை அடைக்கச் சொல்கிறோம். கண்ணீர் விட்டால் ஈமான் பலவீனம் என்று பொருள்படும்படி சொல்கிறோம்.

யஃகூப் நபி (அலை) அவர்களின் சரித்திரத்தைத் திருமறையில் ஓதுகிறோமே, அதை எண்ணிப் பாருங்கள். அழகிய பொறுமை என்னும் சொல்லைத் தம் வாயாலேயே சொன்ன நபி அவர். அதே நபிதான் யூசுப் (அலை) அவர்களை நினைத்து நினைத்துக் கண்கள் வெளுத்துப் போகும் வரை துக்கித்தார். பெற்ற மக்களே அவரைக் கடிந்துகொண்டார்கள். அல்லாஹ் அவரைக் கடியவில்லை. பொறுமையும் கண்ணீரும் ஓர் உள்ளத்தில் கூடி வாழும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எதற்கு? நம் நாயகம் (ஸல்) அவர்களும் மகன் இப்ராஹீமை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார்கள் என்பதை மதரஸாப் பிள்ளைகூட அறியும்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில், ஹிஜ்ரி 322-ல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடும் வைத்தியர்களைக் குறை கூறினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரம் வேறு என்று பிரித்தார். முந்தியதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து. பிந்தியதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைய மனோதத்துவ வைத்தியர்கள் இதைப் படித்து வியக்கிறார்கள். 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மாபெரும் மருத்துவமனையில் மனோவியாதியஸ்தருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தப் பெருமைகளை மீலாது மேடைகளில் பேசிக் கைதட்டு வாங்கும் நாம், நம் வீட்டில் ஒருவருக்கு மனம் தளர்ந்தால் ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம்!

பாவத்தின் தண்டனையாகத்தான் புயல் வருகிறது என்று மிம்பரில் பேசுவோரும் உண்டு. அல்லாஹ்வின் நாட்டத்தின் இரகசியத்தை அறிந்தவர் யார்? ஆனால் கணக்கு ஒன்று நமக்குத் தெரியும். பூமியைச் சூடாக்கும் புகையில் பங்களாதேஷின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒருவர் செலவிடும் மின்சாரத்தைப்போல் பல மடங்கு, இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் இந்நகரில் நாம் ஒவ்வொருவரும் செலவிடுகிறோம். தண்டனைப் பேச்சுப் பேசுவதானால் அதை எந்த ஊரில் பேச வேண்டும் என்று பேசுவோர் யோசிக்கட்டும். வீடிழந்தவளிடம் போய், ‘உன் பாவம்’ என்று சொல்வது அவள் புண்ணில் இன்னொரு பிடி உப்பு.

பரிகாரம் உண்டா? உண்டு. வைத்தியர்கள் இல்லாத இடத்தில் சாதாரணப் பெண்களே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகள் சுமார் 900 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. கிராமம் கிராமமாகப் போகும் சுகாதார ஊழியப் பெண்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, ஒரு பாதிப் பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முறையாகப் பேச வைத்தார்கள். மறு பாதிப் பேர் வீட்டுக்கும் ஊழியர்கள் போனார்கள். ஆனால் அந்தப் பயிற்சி இல்லாமல். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பின்னவர்களில் நூற்றுக்கு 53 பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். முன்னவர்களில் 23 பேர்தான். 2008-ல் வெளியான முடிவு இது. மாத்திரை இல்லை, பெரிய ஆஸ்பத்திரி இல்லை. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒரு பெண், திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குப் போனாள்.

திரும்பத் திரும்ப என்பதைக் கவனியுங்கள். நம் நிவாரணம் ஒரு முறை போய்த் திரும்பிவிடுகிறது.

பேச்சு மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. கரை உடைந்தே கிடக்க, கடன் ஏறிக்கொண்டே போக, ‘மனத்தைத் தேற்றிக்கொள்’ என்று பாடம் நடத்துவது பரிகாசம். அங்கே உறுதியான மண்கரையும் ஒரு மனோவியாதி மருந்துதான். நன்னீர்த் தொட்டியும் அப்படியே. பெண்கள் மானத்தோடு ஒதுங்க இடமும் மாட்டைக் கட்ட இடமும் உள்ள புயற்காப்பு இல்லமும் அப்படியே. இவை இரண்டும் இல்லாததாலேயே கடைசி நேரம் வரை வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்குவோர் பலர்.

2020-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். அவ்வாண்டு மே 20-ந் தேதி, ரமலான் பிற்பகுதியில், ஆம்பன் புயல் வந்தது. கொய்ராவில் மறுபடியும் கரை உடைந்தது. சர்க்கார் வரட்டும் என்று ஜனங்கள் காத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கிக் கரையை அடைக்கத் தொடங்கினார்கள். மே 25-ந் தேதி பெருநாள் வந்தது. ஐலா வந்து சரியாகப் பதினோரு வருடம் நிறைந்த நாள் அது. வேலை செய்த இடத்திலேயே, முழங்கால் அளவு தண்ணீரில் வரிசையாக நின்று அவர்கள் பெருநாள் தொழுதார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகைகளில் பலரும் கண்டிருப்பீர்கள். ஈமானின் உறுதி என்று வியந்தோம். நியாயம்தான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அன்றிரவு எங்கே படுத்தார்கள், அடுத்த வருடம் எந்தச் சூளைக்குப் போனார்கள் என்று கேட்டவர் சிலர். ஒன்று மட்டும் அதில் கற்கத் தக்கது: கூடி மண் சுமந்த அந்த நாட்களில் ஒருவனும் தனியாக இல்லை. தனிமைதான் இந்நோய்க்கு உரம்.

அதே மே மாதத்தில் இங்கே என்ன நிலைமை? கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டால் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளை விட்டு வெளியே வர முடியாதிருந்தனர். அவர்களில் பங்களாதேஷ் சகோதரர்கள் ஏராளம். எல்லாரும் கரையோரத்தார் அல்லர், கரையோரத்தாரும் இருந்தனர். கைப்பேசியில் ‘பத்தாம் எண் அபாய அறிவிப்பு’ என்று பார்க்கிறான். அந்நாட்டில் அது பெரும்புயல் நேரே வருகிறது என்பதற்கு அடையாளம். வீட்டுக்கு அழைக்கிறான், மின்சாரம் போய்விட்டதால் மணி அடிக்கவில்லை. இங்கே வருவதற்கு ஏஜண்டுக்குக் கொடுத்த கடன் தலைக்கு மேல். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனைத் தவிர ஆறுதல் சொல்ல ஒருவர் இல்லை. கரையோரத்தின் மனத்துயர் எங்கோ சாத்கீராவில் மட்டும் இருக்கிறது என்று நினைத்தோமே, அது நம் தீவுக்குள்ளேயே இருந்தது.

சிராங்கூன் சாலை அங்கூலியா பள்ளிவாசலில் ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதால் அந்தச் சகோதரர்களை வரிசை வரிசையாகக் காணலாம். ரமலானில் நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்கு அவர்களும் வருகிறார்கள். கஞ்சியைக் கொடுத்து ஸலாம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எந்த ஜில்லா, தகப்பனார் இருக்கிறாரா, இந்த வருடம் விளைச்சல் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு வங்காளி பாஷை தெரிய வேண்டியதில்லை. அரைகுறை மலாயும் கையசைவும் போதும்.

நிர்வாகக் குழுவுக்கு நம் யோசனைகள் இரண்டை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறோம். அங்கத்தினர் பார்வைக்கும் இங்கே வைக்கிறோம். புயல் நிவாரணத்துக்கு வசூலாகும் தொகை முழுவதையும் முதல் மாதத்திலேயே அனுப்பிவிடாமல், மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஓராண்டு கழித்து அதே ஊருக்கு அனுப்ப வேண்டும். அரிசிக்காக அல்ல, வீடு வீடாகப் போய் வரும் ஓர் ஊழியப் பெண்ணின் சம்பளத்துக்காக. மற்றொன்று, அந்த வளைகுடாவில் ஏப்ரல், மே ஒரு புயற்பருவம். அக்டோபர், நவம்பர் மற்றொரு பருவம். அம்மாதங்களில் பத்தாம் எண் அறிவிப்பு வரும் இரவு, இஷாவுக்குப் பின் சங்கக் கட்டடத்தின் கதவைத் திறந்து வைத்து, தேநீர் போட்டு, வங்காளி தெரிந்த ஒருவரை உட்கார வைக்க வேண்டும். ஊருக்கு அழைத்து மணி அடிக்காதவர்கள் வந்து உட்காரட்டும். செலவு தேயிலையும் பாலும் சர்க்கரையும்தான். நிர்வாகக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அபிப்பிராயம் உள்ளவர்கள் அதற்கு முன் காரியதரிசிக்கு எழுதலாம்.